மாங்காய்ப் பத்தையும் மிளகாய்ப் பொடியும்

கத்திரி வெயில் காயும் மே மாதத்து மாலை. மெரினாவில் கடல்காற்று வந்துவிட்டாலும் மணல் இன்னும் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. தள்ளுவண்டியில் கிளிமூக்கு மாங்காய்கள் அடுக்கியிருக்கின்றன. வண்டிக்கார அக்கா ஒன்றை எடுத்து, காம்புப் பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, மேலிருந்து கொட்டை வரைக்கும் கத்தியை வரிசையாக இறக்குகிறார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. காய் பூவாக விரிகிறது. உப்பும் மிளகாய்ப் பொடியும் கலந்து வைத்த டப்பாவுக்குள் கை போகிறது.

“காரம் தூக்கலாப் போடவா தம்பி, கம்மியாவா?”

“தூக்கலாவே போடுங்கக்கா.”

சொன்ன பிறகுதான் யோசித்தேன். நெற்றி எரிகிறது, முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாலடி தள்ளி இளநீர் இருக்கிறது, அதற்கும் அப்பால் ஐஸ் வண்டி நிற்கிறது. இத்தனை வெக்கையில், நாக்கை எரிக்கும் பொடியைக் காசு கொடுத்து, அதுவும் கூடுதலாகக் கேட்டு வாங்குகிறேன். நான் மட்டுமா? மெக்சிகோ நகரத் தெருவில் மாம்பழத்தின் மேல் மிளகாயைத் தூவிக்கொண்டு நடக்கிறார்கள். பாங்காக்கில் மாங்காயை மிளகாய் உப்பில் தோய்த்துத் தின்கிறார்கள். உலகத்தில் வெயில் அதிகம் அடிக்கும் இடங்களில்தான் காரமும் அதிகம் ஓடுகிறது. ஏன்?

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு: காரம் தின்றால் வேர்க்கும், வேர்த்தால் குளிரும். இந்தப் பதிலில் எவ்வளவு உண்மை என்று ஒரே ஒரு மாங்காய்ப் பத்தையை வைத்துக்கொண்டு அளந்து பார்க்கலாம்.

மிளகின் பெயரைச் சுமக்கும் காய்

முதலில் பொடியை எடுத்துக்கொள்வோம். ‘மிளகாய்’ என்பது மிளகு போன்ற காய். தென்னமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் விளைந்து, போர்த்துகீசியர் கப்பல்களில் 16-ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்த ஒரு புதுக் காய்க்கு, வாயில் போட்டுப் பார்த்தவர்கள் உடனே வைத்த பெயர் அது. அதுவரை நம் சமையலில் எரிப்பு என்றால் பெரும்பாலும் மிளகுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், உலகத்தின் அந்தக் கோடியிலும் இதேதான் நடந்தது. மிளகு தேடிக் கிளம்பி 1492-இல் கரீபியன் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ளவர்கள் சாப்பிடும் காரக் காயை அவர்களுடைய மிளகு என்று நாட்குறிப்பில் எழுதினார். ஸ்பானிய மொழியில் மிளகு ‘பிமியென்டா’. புதுக் காய் ‘பிமியென்டோ’ ஆனது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழிக்காரர்கள் ஒரே காயைச் சுவைத்துவிட்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

தாவரவியல்படி இது தப்பு. மிளகு ஒரு கொடி, வெற்றிலைக்கு நெருங்கிய சொந்தம். மிளகாயோ கத்தரிக்காய், தக்காளி வகையறா. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிளகில் எரிப்பைத் தருவது பைப்பரின் என்ற வேதிப்பொருள், மிளகாயில் கேப்சைசின். இரண்டும் வேறு வேறு மூலக்கூறுகள். ஆனாலும் நாக்கு இரண்டையும் ஒரே இனம் என்று அடித்துச் சொன்னது. அது ஏன் அப்படிச் சொன்னது என்பது சுமார் 500 ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

43 டிகிரியில் திறக்கும் கதவு

அறுசுவையில் கார்ப்பும் ஒன்று என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். சமையலறையில் அந்தக் கணக்கு சரிதான். உடலின் கணக்கு வேறு. மிளகாய் அரிந்த கையால் கண்ணைக் கசக்கிவிட்டால் கண் எரிகிறது. விரல் நகக்கண் எரிகிறது. சர்க்கரை தொட்ட கையால் கண்ணைத் தொட்டால் கண் இனிக்குமா? இனிப்பைச் சுவையாக உணர்த்தும் அணுக்கள் வாயில் இருக்கும் சுவை மொட்டுகளில்தான் உண்டு. எரிப்பை உணரும் ஏற்பாடு உடம்பெங்கும் இருக்கிறது. அப்படியென்றால் அது சுவைக்கென்று ஏற்பட்டதாக இருக்க முடியாது. பின் எதற்கு ஏற்பட்டது?

சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜூலியஸ் குழு இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. வலியை உணரும் எலி நரம்பு அணுக்களில் எத்தனையோ மரபணுக்கள் வேலை செய்கின்றன. அவற்றில் எது மிளகாயை உணர்கிறது? மரபணுக்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்தார்கள். மிளகாயைச் சட்டைசெய்யாத சாதாரண அணுக்களுக்குள் ஒவ்வொரு கூட்டமாகச் செலுத்தி, மேலே கேப்சைசினை ஊற்றினார்கள். கால்சியம் உள்ளே பாய்ந்தால் ஒளிரும் சாயமும் அந்த அணுக்களில் இருந்தது. எந்தக் கூட்டத்தில் ஒளி தெரிகிறதோ அதை மேலும் பிரித்து, மேலும் பிரித்து, கடைசியில் ஒற்றை மரபணுவில் வந்து நின்றார்கள். ஊரையே சல்லடை போட்டு ஒரு வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி.

1997-இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு விஷயம்தான் பெரிய செய்தி. அந்த மரபணு உருவாக்குவது நரம்பின் மேலுறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கதவை. டிஆர்பிவி-1 என்று அதற்குப் பெயர். நாம் இங்கே வெப்பக் கதவு என்றே சொல்வோம். மிளகாய் இல்லாமலே, வெறும் சூட்டில், சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அது திறந்துகொண்டது. நமக்குச் சூடு வலியாக மாறும் எல்லை ஏறக்குறைய அதுதான். கொதிக்கும் டம்ளரைத் தொட்டதும் கையை இழுக்க வைக்கும் காவல்காரர்களில் முக்கியமான ஒருவர் இந்தக் கதவு. மிளகாய் அந்தக் காவல்காரரைப் பொய் சொல்லி எழுப்பிவிடுகிறது. மூளைக்குப் போகும் தந்தி ஒன்றுதான்: ‘சுடுகிறது’.

இந்த வேலைக்காக 2021-இல் ஜூலியஸுக்கும், தொடுகையை உணரும் கதவுகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது என்பது பின்னால் நிரூபணமானது. மிளகாய் என்று பெயர் வைத்த அந்தப் பெயர் தெரியாத நாக்கு தப்புச் செய்யவில்லை. செடியைப் பார்த்துப் பெயர் வைக்காமல் கதவைப் பார்த்து வைத்திருக்கிறது.

ஒரு பத்தை, ஒரு நிமிடம்

இப்போது அக்கா கொடுத்த மாங்காயில் ஒரு பத்தையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொள்வோம். உடனே தின்ன வேண்டாம். கொஞ்சம் பாருங்கள். பொடி தூவியபோது உலர்ந்திருந்த மேல்பரப்பு, அரை நிமிடத்தில் பளபளவென்று ஈரம் கோத்துக்கொள்கிறது. உப்பு காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் பிசறி வைத்தால் ஜாடியில் தண்ணீர் விடுமே, அதன் தொடக்கம் இது. அந்த ஈரத்தில் உப்பும் காயின் புளிப்பும் கரைந்து ஒரு மெல்லிய சாறாகிவிடுகின்றன. மிளகாய்ப் பொடி மட்டும் கரையவில்லை. சிவப்புத் துகள்களாக மிதக்கிறது. கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. இது சற்று நேரத்தில் முக்கியமாகப்போகிறது.

வாயில் வைப்பதற்கு முன்பே எச்சில் ஊறிவிட்டது. இதைப் படிக்கிற உங்களுக்கும் ஊறியிருக்கும். ஓய்வாக இருக்கும்போது எச்சில் நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவாகவே சுரக்கிறது. புளிப்பு நாக்கில் பட்டால் அது பல மடங்கு பெருகும். சுவைகளிலேயே எச்சிலை அதிகம் வரவழைப்பது புளிப்புதான். மாங்காயின் அமிலம் பற்களின் மேல் படாதபடி நீர்த்துப்போகச் செய்ய உடல் திறந்துவிடும் மதகு அது.

கடித்தாயிற்று. முதலில் வருவது உப்பும் புளிப்பும். சுவை மொட்டுகள் நாக்கின் மேல்பரப்பிலேயே வாய் திறந்து காத்திருப்பதால் தாமதமே இல்லை. புளிப்பு என்பது அமிலத்திலிருந்து கழன்று வரும் ஹைட்ரஜன் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட மிக நுண்ணிய துகள்கள், தமக்கென்று இருக்கும் ஒரு தனி வாசல் வழியாகச் சுவை அணுவுக்குள் நுழைவது. அந்த வாசல் அடையாளம் காணப்பட்டது மிக அண்மையில், 2018-இல். உப்பு செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. அது தன் சுவையைச் சேர்ப்பதோடு நின்றுவிடாமல் கசப்பைக் கண்டிப்பாக அடக்குகிறது. கசப்பு அடங்கியதும், அதன் கீழே அமுங்கிக் கிடந்த இனிப்பு தலை தூக்குகிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பால் பிரெஸ்லினும் கேரி பியூசாம்ப்பும் இதை எழுதியதும் அதே 1997-இல்தான். மாங்காயின் தோலோரத்தில் ஒரு லேசான கசப்பும் துவர்ப்பும் இருக்கும். உப்பில்லாமல் ஒரு துண்டும் உப்போடு ஒரு துண்டும் தின்று பாருங்கள். உப்பிட்ட துண்டு கொஞ்சம் இனிக்கும். யாரும் சர்க்கரை போடவில்லை.

அடுத்தது மணம். மெல்லும்போது காயிலிருந்து கிளம்பும் ஆவி, தொண்டையின் பின்பக்கமாக மேலேறி மூக்கை எட்டுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு மென்றால் புளிப்பும் உப்பும் எரிப்பும் அப்படியே இருக்கும், மாங்காய் மட்டும் காணாமல் போய்விடும். பொத்திய விரலை எடுத்ததும் மாங்காய் திரும்பி வரும். பச்சை மாங்காயை உடைத்ததும் லேசாக டர்பன்டைன் வாடை அடிக்கிறதே, அதைத் தரும் டெர்பீன்கள் என்ற எண்ணெய்களின் வேலை இது. வீட்டில் குழந்தைகளை வைத்துச் செய்து காட்டுங்கள். செலவு ஒரு மாங்காய்.

காரம் எங்கே? இன்னும் வரவில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் மெல்ல ஏறும். காரணம், வெப்பக் கதவுகள் இருக்கும் நரம்பு நுனிகள் மேல்பரப்பில் இல்லை. நாக்கின் தோலுக்குக் கீழே இருக்கின்றன. கேப்சைசின் அந்தத் தோலை ஊடுருவ வேண்டும். ஊடுருவினாலும் போதாது, இந்தக் கதவின் பூட்டு உள்பக்கமாக இருக்கிறது. எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் கேப்சைசின் நரம்பின் கொழுப்பு உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாவி போடுகிறது. வந்த வழி நீளம் என்பதால் தாமதம். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதால் சீக்கிரம் போவதும் இல்லை. மாங்காயை விழுங்கிய பிறகும் எரிந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இங்கேதான் புளிப்பும் காரமும் கூட்டுச் சேர்கின்றன. அமிலம் பட்டால் வெப்பக் கதவு தளர்ந்துவிடுகிறது. 43 டிகிரிக்குத் திறக்க வேண்டியது அதைவிடக் குறைந்த சூட்டிலேயே திறக்கத் தயாராகிறது. கேப்சைசினும் அதே எல்லையைக் கீழே இறக்குகிறது. நம் வாயின் சூடோ ஏற்கெனவே 37 டிகிரி. எல்லை அதற்குக் கீழே வந்துவிட்டால், உங்கள் சொந்த உடம்புச் சூடே உங்கள் நாக்கைச் சுடுகிறது. காரம் தின்றவுடன் சூடான டீ குடித்தால் உயிர் போவதும், ஐஸ் தண்ணீர் வாயில் இருக்கும்வரை எரிச்சல் அடங்கி, விழுங்கியதும் திரும்ப வருவதும் இதன் விளைவுகள்.

நாம் எல்லோரும் யோசிக்காமல் செய்யும் ஒரு காரியமும் இதிலேயே அடக்கம். ‘ஸ்ஸ்ஸ்...’ என்று பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுக்கிறோம். இழுத்த காற்று நாக்கின் மேலிருக்கும் எச்சிலை ஆவியாக்குகிறது, நாக்கின் பரப்பு ஒன்றிரண்டு கணம் குளிர்கிறது, கதவு அந்த நேரத்துக்கு மூடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் குழந்தைகூடச் செய்யும் வைத்தியம்.

இதைவிட நல்ல வைத்தியம் பால், தயிர், மோர். பால் புரதமான கேசீன், கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு நாக்கிலிருந்து விலக்குகிறது. தண்ணீர் அதைச் செய்யாது, துகள்களை வாய் முழுக்கப் பரப்பத்தான் செய்யும்.

வேர்வைக் கணக்கு

இப்போது பெரியவர்கள் சொன்ன பதிலுக்கு வருவோம். காரம் தின்றால் வேர்க்கிறதா? ஐயமே இல்லை. சிங்கப்பூரில் டி.எஸ். லீ என்ற ஆய்வாளர், மிளகாயை மெல்லும்போது மனிதர்களுக்கு எங்கெல்லாம் வேர்க்கிறது என்று பார்த்து 1954-இல் எழுதினார். முகத்திலும் தலையிலும்தான் முக்கியமாக வேர்த்தது. இதைச் சுவை வேர்வை என்று சொல்லலாம். வாயிலிருந்து ‘சுடுகிறது’ என்று தந்தி போனதும், உடல் உண்மையான வெப்பத்துக்குச் செய்வதையே செய்கிறது. முகத்துக்கு ரத்தத்தைத் திருப்புகிறது, வேர்வையைத் திறக்கிறது.

சரி, அது எவ்வளவு குளிர்விக்கும்? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. (ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்தான் ஒரு கலோரி. உணவுப் பொட்டலத்தில் போடுவது இதைப் போல ஆயிரம் மடங்கு.) ஒரு மாங்காய் முழுவதையும் தின்று முடிப்பதற்குள் ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் வேர்வை முகத்தில் பூத்து, அத்தனையும் ஆவியானதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். போன வெப்பம் 2,900 கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் ஒரு டிகிரி குளிர ஏறக்குறைய 50,000 கலோரி வெளியேற வேண்டும். ஆக, நம் மாங்காய் நம்மைக் குளிர்வித்தது ஒரு டிகிரியில் பதினேழில் ஒரு பங்கு. காய்ச்சல் பார்க்கும் கருவியில்கூடச் சரியாகத் தெரியாது.

பக்கத்தில் விற்கும் இளநீரோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். 200 மில்லிலிட்டர் குடித்து, அது முழுவதும் வேர்வையாகி ஆவியானால் 1,16,000 கலோரி போகும். இரண்டு டிகிரிக்கும் மேல். உடலைக் குளிர்விக்கும் போட்டியில் மாங்காய்க்கு இடமே இல்லை.

ஆனால் கடற்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், முகத்தில் சில்லென்று ஒன்று நடக்கத்தான் செய்கிறது. நெற்றியும் மேலுதடும் குளிர்ச்சியை மிகக் கூர்மையாக உணரும் பகுதிகள். ரத்தம் ஏறிச் சிவந்த முகம், அதில் புது ஈரம், அதன் மேல் கடல்காற்று. உடல் முழுவதற்கும் ஒன்றுமே ஆகாவிட்டாலும் முகம் மூளைக்குச் சொல்லும் செய்தி நிம்மதியானது. காற்றில்லாத, புழுக்கமான அறையில் இதே மாங்காயைத் தின்றால் வேர்வை ஆவியாகாமல் வழியும், அவ்வளவுதான். பெரியவர்களின் பதிலைப் பாதி உண்மை என்பேன். குளிர்ச்சி உண்டு, அது முகத்தளவு. அதுவும் காற்று இருந்தால்.

வெயிலில் அடங்கும் பசி

மீதிப் பாதி எங்கே? என் அபிப்பிராயத்தில் அது பசியில் இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் மதியச் சாப்பாடு இறங்குவதில்லை. தட்டில் சோறு அப்படியே இருக்கும். இது சோம்பல் கிடையாது, உடலின் கணக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெவ்வேறு தட்பவெப்பங்களில் இருந்த வட அமெரிக்கச் சிப்பாய்கள், வேண்டிய மட்டும் சாப்பிடக் கிடைத்தபோது எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஜான்சனும் கார்க்கும் 1947-இல் வெளியிட்டார்கள். கடுங்குளிர் பிரதேசத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,900 உணவுக் கலோரி. பாலைவனத்தில் 3,100. உண்ட உணவைச் செரிப்பதே உடலுக்குள் வெப்பத்தை எழுப்பும் வேலை. உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு போல அதிலேயே செலவாகிச் சூடாகிறது. வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே இன்னோர் அடுப்பை மூட்ட உடல் தயங்குகிறது.

அந்த மந்தத்தில் கிடக்கும் வாய்க்கு மாங்காய்ப் பத்தை என்ன செய்கிறது? புளிப்பு, வறண்ட வாயில் எச்சிலைத் திறந்துவிடுகிறது. வேர்வையில் போன உப்பில் ஒரு சிட்டிகை திரும்ப வருகிறது. காரம் இன்னும் எச்சிலைக் கூட்டுகிறது, மூக்கை ஒழுகவிடுகிறது, தூங்கிக்கொண்டிருந்த முகத்தை உலுக்குகிறது. காயோ பெரும்பகுதி தண்ணீர். செரிப்பதற்கு அதிகம் இல்லை. அடுப்பை மூட்டாமலே சாப்பிட்ட திருப்தி. சோறு வேண்டாம் என்று சொன்ன அதே வாய், இதை இன்னும் ஒரு பத்தை கேட்கிறது.

வெயில் கால நொறுக்குகள் பலவற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்த்திருக்கிறேன். மிளகாய்ப் பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சு, உப்பும் காரமும் போட்ட அன்னாசி, உப்பில் ஊறிய நெல்லிக்காய். எல்லாவற்றிலும் நீர் அதிகம், மாவும் கொழுப்பும் குறைவு, கூடவே நாக்கை எழுப்பக் குறைந்தது இரண்டு கூர்மையான சங்கதிகள்.

மாங்காய் போன வழி, மிளகாய் வந்த வழி

இந்தச் சேர்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பயணக் கதை. மா ஆசியாவின் மரம். மிளகாய் அமெரிக்காவின் செடி. மெக்சிகோவில் 6,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் மிளகாயோடு வாழ்கிறார்கள். ஆனால் மாங்காயை அவர்கள் பார்த்ததில்லை. நாம் மாங்காயோடு வாழ்ந்தோம், மிளகாயைப் பார்த்ததில்லை. 1500 வரை இந்தச் சிற்றுண்டி உலகத்தில் எங்குமே இருந்திருக்க முடியாது.

மிளகாய் போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்தது. மா எதிர்த்திசையில் இரண்டு வழியாகப் போனது. ஒன்று, போர்த்துகீசியர் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைகளுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுபோனது. போகும்போது பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழின் மாங்காயோ மலையாளத்தின் மாங்ஙாவோ அவர்கள் வாயில் ‘மங்கா’ ஆகி, பிறகு பல ஐரோப்பிய மொழிகளுக்கும் ‘மாங்கோ’ ஆனது. இன்னொன்று பசிபிக் வழி. 1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், ஸ்பானியக் கப்பல்கள் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடின. அகபுல்கோவிலிருந்து வெள்ளி, மணிலாவிலிருந்து பட்டும் பீங்கானும். அந்த வழியில் மாவும் போய்ச் சேர்ந்தது. மெக்சிகோவில் இன்றும் ஒரு மாம்பழ வகைக்கு ‘மணிலா’ என்றே பெயர்.

கடல் கடந்து போய் இறங்கிய மா, மிளகாயின் தாய்வீட்டில் மிளகாயைச் சந்தித்தது. கடல் கடந்து வந்த மிளகாய், மாவின் தாய்வீட்டில் மாவைச் சந்தித்தது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். மெக்சிகோத் தெருக்களில் தோல் சீவிய, சற்றுக் கெட்டியான மாம்பழத்தைக் குச்சியில் குத்தி, இதழ் இதழாகக் கீறிப் பூவாக விரித்து, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாயும் தூவித் தருகிறார்கள். பூவாக! நம் அக்காவின் கத்தி செய்த அதே வேலை. படத்தில் முதன்முதலில் பார்த்தபோது மெரினாதான் நினைவுக்கு வந்தது. அழகுக்காக மட்டும் இருக்காது. கீறக் கீற வெட்டுப்பரப்பு கூடும், பொடி ஒட்ட இடம் கூடும். நம் காய் பச்சை, புளிப்பைத் தானே கொண்டுவருகிறது. அவர்கள் பழம் இனிப்பு, அதனால் எலுமிச்சை தேவைப்படுகிறது. காய்ந்த மிளகாயும் உலர்த்திய எலுமிச்சையும் உப்பும் சேர்த்த ‘தஹீன்’ பொடி அங்கே 1985-இல் தொடங்கிய தொழில். இன்று பல நாட்டுக் கடைகளில் கிடைக்கிறது.

மற்ற ஊர்கள் தத்தம் அலமாரியில் இருந்ததைச் சேர்த்துக்கொண்டன. தாய்லாந்தின் மாங்காய்க் காலமும் நம்மைப் போல மார்ச் முதல் மே வரை. அங்கே மிளகாயும் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியும் உண்டு. பனைவெல்லம், மீன் சாறு, சின்ன வெங்காயம், உலர் இறால், மிளகாய் போட்டுக் காய்ச்சிய இனிப்புக் குழம்பும் உண்டு, அதில் மாங்காயைத் தொட்டுத் தின்பார்கள். பிலிப்பைன்ஸில் மாங்காய்க்குத் துணை ‘பகூங்’ என்ற புளித்த இறால் விழுது. உப்போடு சேர்ந்து அதில் இன்னொரு சுவையும் வருகிறது. ஜப்பானின் கிகுனே இகெடா 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்து ‘உமாமி’ என்று பெயரிட்ட மாமிசச் சுவை அது. டிரினிடாடில் மாங்காயைப் பூண்டு, மிளகாய், உப்பு, கொத்தமல்லி மணமுள்ள ஒரு நீள இலை எல்லாம் போட்டுப் பிசறி ‘சௌ’ என்கிறார்கள். 1845 முதல் 1917 வரை இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கப்பலில் போய் இறங்கிய தீவு அது, மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. கொழும்பு காலிமுகத் திடலில் மாங்காயோடு அன்னாசியும் அம்பரெல்லாவும் மிளகாய் உப்பில் புரள்கின்றன.

கிளிக்கு உறைக்காது

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மிளகாய்ச் செடி எதற்காக இந்தப் பொருளைச் செய்கிறது?

கிளி மிளகாயைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு உறைப்பதே இல்லை. பறவைகளுக்கும் வெப்பக் கதவு உண்டு, ஆனால் கேப்சைசினின் சாவி அதில் பொருந்தாது. பழம் தின்னும் பல பறவைகள் விதையைக் கடிப்பதில்லை, விழுங்கித் தொலைவில் எச்சமாகப் போட்டுவிடுகின்றன. விதை முளைக்கிறது. எலி போன்ற பாலூட்டிகளோ விதையை அரைத்துத் தின்றுவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாய்ச் செடிகளைப் பார்த்து ஜோஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நபானும் 2001-இல் சொன்னது இதைத்தான்: எரிப்பு என்பது விதையைப் பாழாக்குபவரை விரட்டி, விதைப்பவரை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு. பாலூட்டிகளான நம்மை விரட்டத்தான் அந்தப் பொடி.

விரட்டப்பட்டும் நாம் போகவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசின் இந்தப் புதிரோடு 1970-களில் மெக்சிகோவின் வாஹாகா மலைக்கிராமம் ஒன்றுக்குப் போனார். அந்த ஊர் நாய்களும் பன்றிகளும் மிளகாய் கலந்த மிச்சச் சாப்பாட்டைத் தின்றே வளர்ந்தவை. காரமுள்ள பிஸ்கட்டையும் காரமில்லாததையும் எதிரே வைத்தால் காரத்தைத் தேடிப் போகும் ஒன்றுகூட அவற்றில் இல்லை. மனிதக் குழந்தைகளின் கதை வேறு. அங்கே யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அம்மாவும் அண்ணனும் ரசித்துத் தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறார்கள். சில வருடங்களில் தாங்களே அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். உடல் ஆபத்து என்று அலறுகிறது, ஆபத்து இல்லை என்று மனதுக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியில் பிறக்கும் சுகம் என்று ரோசின் இதை விளக்கினார். ராட்டினத்தில் ஏறிக் கத்துவதும் இதே ரகம்.

மெரினாவில் என் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. நான்கு வயது இருக்கும், ஒரு சின்னப் பெண். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தபடி இருந்தாள். அம்மா தன் மாங்காயிலிருந்து ஒரு பத்தையைப் பிய்த்து, அதன் மேல் இருந்த சிவப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுக் கொடுத்தார். முழுக்கப் போகவில்லை. ஓரத்தில் இரண்டு மூன்று துகள்கள் ஒட்டியிருந்தன. கடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. கண் கலங்கியது, ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை இழுத்தாள், மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவள் அதைத் தள்ளிவிட்டு, அம்மாவின் மாங்காயைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“இன்னொண்ணு.”